கொழுந்து உடுப்பை லேயர் லேயராக வரைவது: ரோப்ளொக்ஸ் அவதாருக்குச் சேலை, சட்டை, படங்கு

ரோப்ளொக்ஸ் என்ற இணைய விளையாட்டுத் தளத்தில் நமக்காக நடமாடும் உருவம்தான் அவதார். தேயிலைத் தோட்டப் பெண்ணின் உடுப்பை அதற்கு வரைகிற பலர் சுற்றுலா விளம்பரப் படத்தைப் பார்த்தே வரைகிறார்கள். கசங்காத சிவப்புச் சேலை, வெறுங்கை, கழுத்து நிறைய மாலை. இலங்கை மலையகத்தில் ஹட்டனிலோ தலவாக்கலையிலோ மஸ்கெலியாவிலோ காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, போகிறவர் யாரும் அப்படி உடுத்துவதில்லை. பழைய சேலையை முழங்காலுக்குக் கீழே சற்று ஏற்றிக் கட்டி, அதன்மேல் முழுக்கைச் சட்டை போட்டு, செடியின் ஈரமும் குச்சியும் படாமல் இடுப்பில் படங்கை (உரச் சாக்கோ தடித்த பொலித்தீனோ) சுற்றிக் கட்டுவதுதான் வேலை உடுப்பு. தலைத்துணி, கூடை, கயிறு எல்லாம் அதற்கு மேல் வரும்.

ஒன்றன்மேல் ஒன்றாக உடுத்துகிற இந்த உடுப்பை ஒன்றன்மேல் ஒன்றாகத்தான் வரைய வேண்டும். லேயர் என்பது படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் கண்ணாடித் தாள் மாதிரி. உடுத்துகிற வரிசையே லேயர் வரிசை. இதைப் பிடித்துக்கொண்டால் அதே பைல்களிலிருந்து வேலை உடுப்பும் எடுக்கலாம், திருவிழாச் சேலையும் எடுக்கலாம், பத்து நிறத்தில் பத்து உடுப்பும் எடுக்கலாம். எல்லாவற்றையும் ஒரே லேயரில் பூசிவிட்டால் சேலையின் நிறத்தை மாற்றக்கூட முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

இங்கே சொல்வது கிரிட்டா என்ற படம் வரையும் மென்பொருளை வைத்து. இலவசம், பழைய கம்பியூட்டரிலும் இந்த அளவுப் படத்துக்குத் திணறாது. போனில் ஐபிஸ் பெயின்ட் வைத்திருப்பவர்களும் இதே முறையில் வரையலாம். வேறுபடும் இடத்தை அங்கங்கே சொல்கிறேன்.

அச்சின் கணக்கு

ரோப்ளொக்ஸின் கிளாசிக் உடுப்பு என்பது அவதாரின் உடம்பில் ஒட்டும் தட்டையான படம். உடம்பின் ஒவ்வொரு பக்கத்தையும் பிரித்து விரித்துக் காட்டும் மாதிரிப் படம்தான் அச்சு (டெம்ப்ளேட்). சட்டைக்கும் பேன்ட்ஸுக்கும் அது ஒரே அளவுதான்: அகலம் 585 பிக்சல், உயரம் 559. ஒரு பிக்சல் கூடினாலும் குறைந்தாலும் தளம் ஏற்றுக்கொள்ளாது. உடம்பின் முன்பக்கமும் பின்பக்கமும் 128க்கு 128. உடம்பின் இரண்டு விலாப் பக்கங்களும் 64க்கு 128. தோள்மேல் பகுதியும் அடிப்பகுதியும் 128க்கு 64. கை, கால்களின் நான்கு பக்கங்களும் ஒவ்வொன்றும் 64க்கு 128, அவற்றின் மேல், கீழ் மூடிகள் 64க்கு 64. சட்டை அச்சில் கை இருக்கும் அதே இடத்தில்தான் பேன்ட்ஸ் அச்சில் கால் இருக்கும்.

இடங்களை எண்ணாகத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. இடது மேல் மூலையிலிருந்து எண்ணினால் உடம்பின் வலது விலா 165இலும், முன்பக்கம் 231இலும், இடது விலா 361இலும், பின்பக்கம் 427இலும் தொடங்கும். நான்குக்கும் மேல் விளிம்பு 74. வலது கையின் நான்கு பக்கங்கள் 19, 85, 151, 217 என்றும், இடது கையினுடையவை 308, 374, 440, 506 என்றும் தொடங்கும். இவற்றின் மேல் விளிம்பு 355.

165ஓடு 64ஐக் கூட்டினால் 229, ஆனால் முன்பக்கம் தொடங்குவது 231இல். ஆக ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் 2 பிக்சல் வெற்றிடம் இருக்கிறது. பின்னால் வரும் பிழைகளில் பாதி இந்த 2 பிக்சலால்தான் வருகிறது.

சட்டைக்கு ஒன்று, பேன்ட்ஸுக்கு ஒன்று என்று புதிய பைல் திறக்கும்போது அகலம் 585, உயரம் 559, நிறம் ஆர்ஜிபி, 8 பிட் என்று கொடுங்கள். பின்னணியின் ஒபாசிட்டியை (மறைக்கும் அளவை) அங்கேயே பூஜ்யமாக்குங்கள். அப்படியே விட்டால் கிரிட்டா அடியில் வெள்ளை லேயர் ஒன்றை வைக்கும். அதை மறந்து ஏற்றினால் சேலைக்குக் கீழே வெள்ளைக் காலோடு அவதார் நிற்கும். அச்சுப் படத்தை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, மல்டிப்ளை மோடில் ஒபாசிட்டியை 30 சதவீதத்துக்குக் குறைத்து, பூட்டிவிடுங்கள். கோடுகள் தெரியும், கை தவறி அதன்மேல் வரையவும் முடியாது.

குரூப்பும் கத்தரிப்பும்

சட்டை பைலில் கீழிருந்து மேலாக மூன்று குரூப்: ரவிக்கை, சேலையின் மேல்பகுதி, முழுக்கைச் சட்டை. பேன்ட்ஸ் பைலில் இரண்டு குரூப்: சேலையின் கீழ்பகுதி, படங்கு. ஒவ்வொரு குரூப்புக்குள்ளும் அடியில் ஒரு தட்டை நிற லேயர். அதன்மேல் கரை அல்லது கட்டம், அதன்மேல் மடிப்பு, அதன்மேல் வெளிச்சம், கடைசியில் அழுக்கும் கறையும். லேயர்களுக்குப் பெயர் வையுங்கள். "பெயின்ட் லேயர் 27" என்று இருந்தால் ஒரு மாதம் கழித்துத் திறக்கும்போது எது எது என்று யாருக்கும் தெரியாது.

தட்டை நிறம்தான் உடுப்பின் வெட்டு, அதாவது வெளிவடிவம். அதற்கு மென்மையான ஓரமுள்ள பிரஷ் வேண்டாம். ஓரத்தில் அரைகுறையாக மறைக்கும் பிக்சல்கள் விழுந்து, அவதாரின் தோல் நிறம் அவற்றினூடே கசிந்து, உடுப்பைச் சுற்றி ஒரு மங்கல் வளையம் தெரியும். கூர் ஓரப் பிரஷ் எடுங்கள், அல்லது செலக்ஷன் போட்டு நிரப்புங்கள்.

மேலே உள்ள லேயர்கள் இந்த வெட்டுக்கு வெளியே போகாமல் இருக்க, ஒவ்வொன்றிலும் இன்ஹெரிட் ஆல்பாவை அழுத்துங்கள். லேயர் பட்டியலில் வலப்பக்கம் இருக்கும் கிரேக்க ஆல்பா எழுத்துத்தான் அது. அழுத்தியும் ஒன்றும் நடக்கவில்லை, நிழல் வெளியே வழிகிறது என்றால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: அந்த லேயர் குரூப்புக்குள் இல்லை. கிரிட்டா அந்த லேயருக்குக் கீழே, அதே குரூப்புக்குள் இருக்கும் எல்லா லேயர்களையும் சேர்த்து வெட்டாக எடுத்துக்கொள்ளும். குரூப்புக்கு வெளியே இருந்தால் அடியில் உள்ள முழுப் படமும் வெட்டாகிவிடும். குரூப்பைத் தனியாகப் பிரிக்காமல் விடும் பாஸ் த்ரூ என்ற தெரிவும் அணைந்திருக்க வேண்டும். லேயரில் நின்றுகொண்டு கன்ட்ரோல், ஷிப்ட், ஜி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கிரிட்டாவே குரூப்பும் கத்தரிப்பு லேயரும் போட்டுத் தரும்.

ஐபிஸ் பெயின்டில் கிளிப்பிங் என்று இருப்பது சற்று வேறு. கிளிப்பிங் போட்ட லேயர்கள் வரிசையாக அடுக்கியிருக்க, அவற்றுக்கு அடியில் இருக்கும் ஒரே லேயர்தான் வெட்டு. நடுவில் கிளிப்பிங் போடாத லேயர் ஒன்று நுழைந்தால் அதற்கு மேலே உள்ளவை அதனோடு ஒட்டிக்கொள்ளும்.

எல்லாக் குரூப்பையும் "உடுப்பு" என்ற ஒரே பெரிய குரூப்புக்குள் போட்டு, அதற்கு ஒரு டிரான்ஸ்பரன்சி மாஸ்க் சேர்த்துவிடுங்கள். மாஸ்க்கில் வெள்ளை இருக்கும் இடம் தெரியும், கறுப்பு இருக்கும் இடம் மறையும். அதில் அச்சுக் கட்டங்கள் வெள்ளை, மற்ற இடம் கறுப்பு. கட்டத்துக்கு வெளியே விழும் கோடு எதுவும் படத்தில் வராது. வெள்ளையை ஒவ்வொரு பக்கத்திலும் 1 பிக்சல் வெளியே தள்ளி வையுங்கள். 2 பிக்சல் வெற்றிடம் இரண்டு பக்கத்திலிருந்தும் 1, 1 ஆக நிரம்பிவிடும். அப்படி நிரப்பாவிட்டால் தூரத்திலிருந்து பார்க்கும்போது அவதாரின் மூலைகளில் மெல்லிய தையல் கோடு மாதிரி ஒன்று மின்னும். தூரத்துக்குப் படம் சுருங்கும்போது ஓரப் பிக்சலோடு பக்கத்து வெற்றிடமும் கலப்பதால் வருவது அது.

முந்தானை எந்தப் பக்கம்

சேலை வரைகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். முந்தானை வலது இடுப்பிலிருந்து மார்பைக் குறுக்காகத் தாண்டி இடது தோளுக்குப் போய் முதுகில் விழுகிறது. அச்சின் முன்பக்கத்தை நாம் எதிரே நின்று பார்க்கிறோம். ஆகவே அவதாரின் வலது இடுப்பு நமக்கு இடது கீழ் மூலை, இடது தோள் நமக்கு வலது மேல் மூலை. குறுக்குக் கோடு இடது கீழிலிருந்து வலது மேலுக்குப் போக வேண்டும்.

அங்கிருந்து தோள்மேல் பகுதி. அது முன்பக்கத்துக்கு நேர் மேலே இருக்கிறது. அதன் கீழ் விளிம்பு முன்பக்கத்தின் மேல் விளிம்போடு ஒட்டும். ஆகவே முந்தானை அதில் வலப்புறமாகவே மேலேறும். அடுத்துப் பின்பக்கம். அது இடது விலாவுக்கு அடுத்து இருப்பதால் அவதாரின் இடது தோள் அந்தக் கட்டத்தின் இடப்புறம். முன்னால் வலப்புறம் இருந்த முந்தானை பின்னால் இடப்புறம் விழ வேண்டும். முன்னாலும் பின்னாலும் ஒரே பக்கமாக வரைந்தால் தோளில் முந்தானை அறுந்து, முதுகில் மற்றத் தோளிலிருந்து புதிதாக ஒன்று தொங்கும். சின்னப் பிழை மாதிரித் தெரிந்தாலும், சேலை கட்டத் தெரிந்த யாரும் பார்த்தவுடன் பிடித்துவிடுவார்கள்.

கண்டிய ஒசரியை, அதாவது சிங்களப் பெண்கள் கட்டும் சேலையை, பார்த்து இடுப்பைச் சுற்றி வரும் சுருக்குக் கொசுவத்தை இதில் சேர்த்துவிட வேண்டாம். அதே மலையில் உடுத்துவதுதான் என்றாலும் அது வேறு உடுப்பு.

ரவிக்கைக்கும் சேலைக்கும் நடுவில் இடுப்பு தெரியும் இடத்தில் தோல் நிறம் பூசாதீர்கள். வெறுமையாக விடுங்கள். வெறுமையான பிக்சலில் அவதாரின் சொந்த நிறமே தெரியும். நீங்கள் ஒரு பழுப்பைப் பூசி வைத்தால் வேறு நிறத்தில் அவதார் வைத்திருப்பவருக்கு இடுப்பில் மட்டும் வேறொருவர் தோல் ஒட்டியிருக்கும். காலின் கீழ்ப்பகுதிக்கும் இதே விதிதான்.

கொசுவம் (முன் மடிப்பு) இரண்டு காலில்

பாவாடை மாதிரி ஒரே துண்டாக விழும் துணியை, தனித்தனியே நகரும் இரண்டு கால்களில் வரைய வேண்டியிருக்கிறது. முன்கொசுவம் சரியாக நடுவில் வருகிறது, நடுவிலோ இரண்டு காலுக்கும் இடையே வெட்டு. வலது காலின் முன்பக்கம் 217இலிருந்து 280 வரை, இடது காலினது 308இலிருந்து 371 வரை. அச்சில் இரண்டுக்கும் நடுவே 27 பிக்சல் வெற்றிடம். அதன் குறுக்கே கொசுவத்தை வரைந்தால் நடு மடிப்புகள் வெற்றிடத்தில் விழுந்து காணாமல் போகும்.

இதற்குச் சுலபமான வழி, 128க்கு 128 அளவில் தனிப் பைல் ஒன்று திறந்து பாவாடை முன்பக்கத்தை முழுதாக வரைவது. நடுவில் 5 அல்லது 6 மடிப்பு, ஒவ்வொன்றும் 7, 8 பிக்சல் அகலம். மடிப்பின் ஒரு ஓரம் கடினமான நிழல், மறு ஓரம் மெதுவாக வெளுக்கும். வரைந்து முடித்ததும் இடது பாதியை வெட்டி 217, 355 என்ற இடத்திலும், வலது பாதியை 308, 355 என்ற இடத்திலும் ஒட்டுங்கள். லேயர்களை ஒன்றாக்காமல் தட்டை நிறம், கரை, மடிப்பு என்று தனித்தனியே வெட்டி ஒட்டுங்கள். நேரம் கொஞ்சம் கூடப் போகும், ஆனால் நிறம் மாற்றும் வசதி கைவிட்டுப் போகாது.

நடுவில் இருக்கும் மடிப்பின் அகலம் சரிபாதியாக வெட்டுப்படக் கூடாது. வெட்டு மடிப்பின் நிழல் ஓரத்தில் விழுந்தால் கண்ணுக்கு அது இன்னொரு மடிப்பாகத்தான் தெரியும். மடிப்பின் வெளிச்சப் பக்கத்தில் விழுந்தால் பேன்ட்ஸ் என்று தெரிந்துவிடும்.

காலின் உட்பக்கங்களை மறந்துவிடாதீர்கள். வலது காலுக்கு அது 19இல் தொடங்கும் கட்டம், இடது காலுக்கு 506இல் தொடங்கும் கட்டம். அவதார் நிற்கும்போது தெரியாது, நடந்தால் ஒவ்வொரு அடிக்கும் தெரியும். அங்கே சேலையின் தட்டை நிறத்தை நிரப்பி, மேலே மல்டிப்ளையில் ஒரு கடும் நிழல் போடுங்கள். இரண்டு காலுக்கும் இடையே இருட்டாகத் தெரிந்தால் உள்ளே துணி தொடர்கிறது என்று கண் நம்பும்.

வேலைச் சேலையின் ஓரத்தைக் கட்டத்தின் மேலிருந்து 104 பிக்சலில் நிறுத்துகிறேன். கீழே 24 பிக்சல் வெறுமை, அதாவது கணுக்காலுக்குச் சற்று மேலே. திருவிழாச் சேலைக்கு 120 வரை இறக்கலாம்.

கை: ஒரு பக்கம் வரைந்தால் போதும்

வலது கையின் நான்கு கட்டங்களையும் அப்படியே இடம் வலமாகத் திருப்பினால் இடது கையின் வரிசை கச்சிதமாக வந்துவிடும். முன்பக்கம் முன்பக்கத்துக்கு, வெளிப்பக்கம் வெளிப்பக்கத்துக்கு, உட்பக்கம் உட்பக்கத்துக்கு. ஆகவே சட்டைக் கையை ஒரு முறை வரைந்து, நகலெடுத்துத் திருப்பினால் போதும்.

ஆனால் திருப்பும் நடுக்கோடு படத்தின் நடுவில் இல்லை. படத்தின் நடு 292.5. இரண்டு கைகளுக்கும் நடு 294.5. படத்தின் நடுவை வைத்துத் திருப்பினால் இடது கை 304இல் வந்து உட்காரும், வேண்டியதோ 308. திருப்பியபின் வலப்புறம் 4 பிக்சல் நகர்த்துங்கள். மிரர் கருவியில் நேரடியாக வரைகிறவர்கள் அந்த நடுக்கோட்டையே 294.5க்கு இழுத்து வைக்கலாம். இந்த 4 பிக்சலைக் கவனிக்காமல் விட்டால் இடது கையில் மட்டும் ஒவ்வொரு மூலையிலும் பக்கத்துக் கட்டத்தின் நிறம் கீற்றாகத் தெரியும். எதனால் என்று தேடிக் களைத்துப் போவீர்கள்.

துணியையும் மடிப்பையும் திருப்பலாம். கறை, ஒட்டு, கிழிசல், முடிச்சு இவற்றைத் திருப்ப வேண்டாம். இரண்டு முழங்கையிலும் ஒரே வடிவில் ஒட்டுப் போட்ட சட்டை எங்கும் கிடையாது.

கட்டம் போட்ட சட்டை

தோட்டத்தில் சேலைக்கு மேல் போடுவது பெரும்பாலும் வீட்டு ஆண்களின் பழைய சட்டை. கோடோ கட்டமோ போட்டது. கட்டத்தின் அளவை 8, 16, 32 பிக்சலில் ஒன்றாக வையுங்கள். 64ம் 128ம் இவற்றால் மீதியில்லாமல் வகுபடும். 16 எடுத்தால் முன்பக்கத்தில் 8 கட்டம், விலாவில் 4, கையின் ஒரு பக்கத்தில் 4. மூலையில் கட்டம் அறாது.

கட்டத்தைப் பேட்டர்ன் பில்லாகப் படம் முழுக்க ஒரே தடவையில் ஊற்றாதீர்கள். முன்பக்கம் 231இலும் விலா 361இலும் தொடங்குவதால் இடைவெளி 130. அது 16இன் மடங்கு இல்லை, 2 மிஞ்சுகிறது. ஒவ்வொரு மூலையிலும் கட்டம் 2 பிக்சல் தள்ளிப்போகும். 16 பிக்சல் கட்டத்தில் 2 பிக்சல் என்றால் நன்றாகவே கண்ணில் குத்தும். ஒரு பக்கத்துக்கு மட்டும் வரைந்து, அதை அச்சின் மற்றப் பக்கங்களுக்கும் நகலெடுத்து மூலையில் பொருத்துங்கள். கிரிட்டாவில் இதற்குக் குளோன் லேயர் இருக்கிறது. மூல லேயரில் கோட்டின் நிறத்தை மாற்றினால் நகல்கள் எல்லாம் தாமாக மாறும். ஓரத்துக்கு வெளியே 1 பிக்சல் நிரப்புவதைக் கடைசியில் செய்துகொள்ளுங்கள்.

குறுக்குக் கோட்டில் இந்தத் தொல்லை இல்லை. உடம்பின் நான்கு பக்கமும் ஒரே வரிசையில் இருப்பதால் ஒரே உயரத்தில் இழுத்த கோடு உடம்பைச் சுற்றி வந்துவிடும்.

ஒரு பிக்சல் தடிப்புள்ள கோட்டை நம்ப வேண்டாம். பெரிதாக்கிப் பார்க்கும்போது அழகாக இருக்கும். விளையாட்டில் கேமரா பின்னால் போனவுடன் மறைந்து, துணி வெறும் சாம்பலாகிவிடும். 2 பிக்சலுக்குக் குறையாமல் வையுங்கள். வரைகிறபோதே அடிக்கடி 100 சதவீதத்துக்கு வந்து பார்ப்பது நல்ல பழக்கம்.

நிழலுக்குக் கறுப்பு வேண்டாம்

மடிப்பு லேயர் மல்டிப்ளை மோடில் இருக்க வேண்டும். மல்டிப்ளை இரண்டு நிறத்தின் எண்களைப் பெருக்கி 255ஆல் வகுக்கும். சேலையின் சிவப்பு அளவு 200, நிழலின் அளவு 153 என்றால் வருவது 120. நிழலில் வெள்ளை இருந்த இடத்தில் சேலை அப்படியே இருக்கும். அடியில் உள்ள நிறம் எதுவானாலும் நிழல் அதற்குத் தகுந்தபடி கறுப்பதால்தான் சேலையைச் சிவப்பிலிருந்து மயில் பச்சைக்கு மாற்றினாலும் மடிப்பைத் தொட வேண்டியதில்லை.

நிழலுக்குக் கறுப்பையோ வெறும் சாம்பலையோ எடுத்தால் துணி அடுப்புக்கரி பட்ட மாதிரி ஆகும். மலையில் பாதி நாள் மூடுபனி வெளிச்சம்தான். அதற்கு நீலம் கலந்த ஊதா பொருந்தும். 153, 150, 175 என்பது நான் எப்போதும் தொடங்கும் நிறம். வெளிச்ச லேயருக்கு ஸ்கிரீன் அல்லது ஓவர்லே மோட், 25 சதவீதத்துக்கு மேல் போகாமல். பளபளப்பு கூடினால் பருத்தி பொலியெஸ்டராகிவிடும்.

ஒன்றின்மேல் ஒன்று விழும் நிழலை விட்டுவிடாதீர்கள். படங்கின் கீழ் விளிம்புக்கு அடியில் சேலைமேல் 3 பிக்சல் உயரத்துக்கு ஒரு நிழல் கீற்று. சட்டையின் கழுத்துப் பட்டிக்கு அடியில் 2 பிக்சல். இந்த நிழல் எதன்மேல் விழுகிறதோ அந்தத் துணியின் குரூப்புக்குள் இருக்க வேண்டும், எதிலிருந்து விழுகிறதோ அதன் குரூப்புக்குள் அல்ல. படங்கின் குரூப்பில் வைத்தால் கத்தரிப்பு அதை வெட்டிவிடும், நிழலே தெரியாது.

படங்கு

இந்த உடுப்பைத் தோட்டத்து உடுப்பாக்குவது படங்குதான். உரச் சாக்கைப் பிரித்தோ தடித்த பொலித்தீனிலோ கட்டுவது. சேலைக்கும் சட்டைக்கும் இருக்கும் மடிப்பு இதற்குக் கிடையாது. விறைப்பான துணி, வளையும் இடத்தில் மட்டும் முறியும். ஆகவே நீள நீளமாக மென்மையான மடிப்பு வரையாமல், இடுப்புக் கயிற்றிலிருந்து குட்டையாக, கூர்மையாக நான்கைந்து முறிவு போதும்.

உரச் சாக்குக்கு நெய்த பட்டை தெரிய வேண்டும். 2 பிக்சலுக்கு 2 பிக்சல் சதுரமாக மாறி மாறி வெளுத்ததும் கறுத்ததுமாக ஒரு சின்னப் பேட்டர்ன் செய்து, ஓவர்லேயில் 15 சதவீதம். அதற்கு மேல் போனால் தூரத்தில் அலையலையாக மின்னும். சாக்கில் அழிந்த எழுத்து வேண்டும் என்று தோன்றும். உண்மையான உரக் கம்பனியின் பெயரையோ சின்னத்தையோ போடாதீர்கள், உரிமைப் பிரச்சினையில் படம் நிராகரிக்கப்படலாம். எழுத்து மாதிரி இரண்டு நீலத் தீற்றல் போதும்.

கொழுந்து எடுக்கும் செடியின் மட்டம் கிட்டத்தட்ட இடுப்பளவு. அதனால் ஈரமும் உராய்வும் படங்கின் முன்பக்கத்திலும் விலாவிலும்தான் இருக்கும், பின்னால் இருக்காது. அழுக்கு லேயரை அதன்படி பூசுங்கள்: முன்னால் 30 சதவீதம், பின்னால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. சட்டைக் கையின் நுனியில் கொழுந்துக் கறை, கறுப்போடிய பழுப்பு, உள்ளங்கைப் பக்கம் அதிகம். முதுகில் கூடை அழுத்தும் இடத்தில் மடிப்பைக் குறைத்து, துணியைச் சற்று வெளுக்க விடுங்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அழுக்குப் பூசுவது அந்தப் பெண்ணை அழுக்கானவளாகக் காட்டும். வேலை படும் இடத்தில் மட்டும் பூசினால் அவள் செய்யும் வேலை தெரியும்.

படங்கைக் கட்டுவது சட்டைக்கு மேலே. ரோப்ளொக்ஸிலோ சட்டையின் உடம்புப் பகுதி பேன்ட்ஸின் உடம்புப் பகுதியை மூடிவிடும். பேன்ட்ஸ் பைலில் படங்கின் இடுப்புப் பட்டையை வரைந்தால் சட்டை அதை மறைத்து, கால்களில் மட்டும் படங்கு தெரியும். இரண்டு பைலிலும் பட்டையை வரைவது ஒரு வழி, ஆனால் ஒன்றில் நிறம் மாற்றி மற்றதில் மறந்துவிடும் ஆபத்து இருக்கிறது. எனக்குப் பிடித்தது மற்ற வழி. படங்கு முழுவதும் பேன்ட்ஸ் பைலில். சட்டைக் குரூப்பில் ஒரு டிரான்ஸ்பரன்சி மாஸ்க் சேர்த்து, உடம்பின் நான்கு பக்கத்திலும் அடி 32 பிக்சலை, அதாவது 170 முதல் 201 வரை, மறைத்துவிடுவது. அதே பைலில் உள்ள சேலை மேல்பகுதிக் குரூப்பையும் அந்த உயரத்தில் மறைக்க வேண்டும். அந்த இடைவெளியில் அடியில் இருக்கும் படங்குப் பட்டை தெரியும். அதற்கு நேர் மேலே 160 முதல் 169 வரை சட்டைத் துணி பிதுங்கும் குட்டை மடிப்புகளைப் போட்டால் இறுக்கிக் கட்டியது தெரியும்.

இந்தச் சட்டையை வேறு பேன்ட்ஸோடு போட்டால் இடுப்புக்கு மேலே அறுந்த மாதிரி இருக்கும். அதற்காக மாஸ்க்கை அணைத்து இன்னொரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அழித்திருந்தால் இது முடியாது, மாஸ்க் என்பதால் ஒரு கண் சின்னத்தை அழுத்தினால் போதும். சட்டைக் குரூப்பையும் படங்குக் குரூப்பையும் மறைத்து, சேலைக் கரையில் ஜரிகை லேயரைத் திறந்தால் தேர்த் திருவிழாவுக்குப் போகிற உடுப்பு.

கூடையும் தலைத்துணியும் கிளாசிக் உடுப்பில் வராது. அவை தனி முப்பரிமாணப் பொருள்கள், பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் செய்யும் வேலை. முதுகில் கூடையைத் தட்டையாக வரைந்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். பக்கவாட்டில் பார்த்தால் ஒட்டுப்படம் மாதிரித் தெரியும், விட்டுவிடுங்கள்.

ஏற்றுவதற்கு முன்

கிரிட்டாவின் சொந்தப் பைலை எப்போதும் தனியே வைத்துக்கொள்ளுங்கள், பிஎன்ஜி வெளியே கொடுப்பதற்கு மட்டும். அச்சு லேயரை மறைத்து, ஏற்றுமதிப் பெட்டியில் ஆல்பா சேனலைச் சேமிக்கும் குறி இருக்கிறதா என்று பாருங்கள். ஐபிஸ் பெயின்டில் ட்ரான்ஸ்பரன்ட் பிஎன்ஜி என்றே தனியாகத் தெரிவு இருக்கும். சாதாரணமாகச் சேமித்தால் வெள்ளைப் பின்னணி வந்துவிடும். இரட்டிப்பு அளவில், 1170க்கு 1118இல் வரைபவர்கள் சரியாக 50 சதவீதத்துக்குச் சுருக்கியபின் ஓரங்களை ஒரு முறை கூராக்க வேண்டும், சுருக்கும்போது ஓரப் பிக்சல்கள் மீண்டும் அரைகுறையாகும்.

மழைக்காலத்தில் கரண்ட் சொல்லாமல் போகும் ஊர்களில் தானாகச் சேமிக்கும் இடைவெளியை 5 நிமிடமாகக் குறைத்து வைப்பது நல்லது. பைல் மெனுவில் இன்கிரிமென்டல் வெர்ஷன் என்று இருப்பதை அழுத்தினால் எண் போட்டுப் புதிய பிரதி விழும். பெரிய மாற்றத்துக்கு முன்னால் அதை ஒரு தடவை அழுத்துங்கள்.

ஏற்றக் கட்டணம் ரோப்ளொக்ஸின் சொந்தக் காசான ரோபக்ஸில் போகும், திருத்தி மறுபடி ஏற்றினால் மறுபடி போகும். அதனால் முதலில் விளையாட்டு உருவாக்கும் மென்பொருளான ரோப்ளொக்ஸ் ஸ்டூடியோவில் பாருங்கள். ஒரு ரிக்கை (மாதிரி அவதார் உடம்பை) நிறுத்தி, அதற்குள் ஷர்ட், பேன்ட்ஸ் என்ற இரண்டு பொருளையும் சேர்த்து, அவற்றின் டெம்ப்ளேட் இடத்தில் உங்கள் படத்தைக் கொடுத்தால் போதும். ஆறு துண்டுள்ள ஆர்6 உடம்பு, பதினைந்து துண்டுள்ள ஆர்15 உடம்பு இரண்டிலும் பார்க்க வேண்டும். ஆர்15இல் ஒவ்வொரு கையும் காலும் மூன்று துண்டு, உடம்பு இரண்டு துண்டு. முழங்கையிலும் முழங்காலிலும் துணி இழுபடும். முழங்கால் மடியும் உயரத்திலேயே படங்கின் கீழ் விளிம்பு விழுந்தால் நடக்கும்போது அது கோணலாக உடையும். விளிம்பை 6, 7 பிக்சல் மேலேயோ கீழேயோ நகர்த்துங்கள். அவதாரை நடக்கவிட்டு, உட்காரவைத்து, பின்னாலிருந்து ஒரு முறை, தூரத்திலிருந்து ஒரு முறை பாருங்கள். முந்தானை இடது தோளில் ஒட்டியிருக்கிறதா, காலின் உட்பக்கம் வெறுமையாக இல்லையே, இடது கையின் மூலைகளில் கீற்று இல்லையே என்று பார்த்தபின் ஏற்றலாம்.